தேங்காய் நார்த்தூளில் செடி வளர்த்தல்: கழுவுவது முதல் உரமிடுவது வரை

தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தெடுக்கும்போது உதிரும் பழுப்பு நிறத் தூளைத்தான் கட்டியாக அழுத்திக் கோகோபீட் என்று விற்கிறார்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டும், வேர்களுக்குக் காற்று கிடைக்கும்படி பொலபொலவென்றும் இருப்பதால், தொட்டிகளுக்கும் குழித்தட்டுகளுக்கும் இது மிகவும் ஏற்றது. ஆனால் இதில் செடிக்கான சத்து என்று பொட்டாசியத்தைத் தவிர அதிகம் எதுவும் இல்லை. உப்போ தாராளமாக இருக்கக்கூடும். நார்த்தூளில் செடி தேறவில்லை என்று குறைப்படுகிறவர்களை விசாரித்தால், கட்டியை ஊறவைத்து, உப்பியதும் கழுவாமல் தொட்டியில் நிரப்பியிருப்பார்கள்.

மட்டையிலேயே சோடியமும் குளோரைடும் இயல்பாக உண்டு. நாரைப் பிரிப்பதற்காக உவர்நீரில் ஊறப்போட்ட மட்டையாக இருந்தால் அவற்றின் அளவு இன்னும் கூடும். உப்பு மிகுந்த தூளில் விதை முளைத்தாலும் நாற்று வளராமல் அப்படியே நின்றுவிடும். வளர்ந்த செடியில் இலை நுனியும் ஓரமும் கருகும்.

5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் ஏறக்குறைய 60 முதல் 70 லிட்டர் வரை உப்பும் என்பதால், முதலிலேயே பெரிய தொட்டியாகப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். சுமார் 25 லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, நெகிழும் பகுதியைக் கையால் உதிர்த்துக்கொண்டே வரலாம். வெதுவெதுப்பான நீர் என்றால் வேலை விரைவில் முடியும். உதிர்ந்த தூளைத் துணிப்பையிலோ கோணியிலோ இட்டு, நல்ல தண்ணீரை ஊற்றி வடியவிட்டு, மீண்டும் ஊற்ற வேண்டும். முதலில் வடியும் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அது மட்டையின் சாயமே. நிறம் வெளுத்ததாலேயே உப்பு போய்விட்டது என்று கொள்ளக்கூடாது. நீரில் கரைந்துள்ள உப்பை மின்கடத்துதிறன் மூலம் காட்டும் இ.சி. மீட்டர் இருந்தால் வடிநீரை அளந்து பார்க்கலாம்: நாற்றுகளுக்குச் சென்டிமீட்டருக்கு 0.5 மில்லி சீமென்ஸுக்குக் கீழே இருப்பது நல்லது. மீட்டர் இல்லாதவர்கள், உப்பு குறைந்தது என்று குறிப்பிட்டு விற்கும் கட்டியை வாங்கி, அதையும் மூன்று முறையாவது அலசிவிட வேண்டும்.

வெறும் தண்ணீர், தளர்ந்து கிடக்கும் உப்பை மட்டுமே கொண்டுபோகும். துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் போகாது. பிற்பாடு நாம் இடும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் துகள்கள் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக இந்த உப்புகளை வேருக்கு அருகில் விடும். தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, 5 கிலோ கட்டிக்குச் சுமார் 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து, அதில் தூளை ஒரு நாள் ஊறவிட்டு, பிறகு மறுபடியும் அலசி எடுப்பது நல்லது. கீரை, புதினா போன்றவற்றுக்கு இந்தச் சிரமம் தேவையில்லை என்பது என் கருத்து. தக்காளி, மிளகாய், குடைமிளகாய் என்றால் தவிர்க்க வேண்டாம்.

விதை முளைக்கவைக்கக் கழுவிய தூள் மட்டுமே போதும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டொரு சொட்டு மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். தொட்டிச் செடிகளுக்கு இரண்டு பங்கு தூளுடன் ஒரு பங்கு மண்புழு உரமோ நன்கு மட்கிய தொழு உரமோ சேர்த்து, தண்ணீர் தேங்கும் அச்சம் இருந்தால் கொஞ்சம் பெர்லைட்டோ (பொரித்த எரிமலைப் பாறைத் துணுக்கு) மட்டைத் துண்டுகளோ கலக்கலாம். ஆர்க்கிட் போன்றவற்றுக்குத் தூள் ஆகாது, மட்டைத் துண்டுகளே ஏற்றவை.

தண்ணீர் ஊற்றுவதில் மேற்பரப்பு நம்மை ஏமாற்றும். மேலே வெளுத்து உலர்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிறைந்திருக்கும். மேல்பகுதியைப் பார்த்து ஊற்றிக்கொண்டே போனால் வேர் அழுகும், சிறு பூச்சிகளும் பெருகும். ஊற்றியவுடன் தொட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, கை உணரும்படி இலேசான பிறகே அடுத்த முறை ஊற்ற வேண்டும். ஊற்றும்போது ஒரு பகுதி அடித்துளை வழியே வெளியேறும்படி ஊற்றினால் உப்பு சேராது.

உரத்தைப் பொறுத்தவரை, கொஞ்சமாக, அடிக்கடி என்பதே முறை. மட்காத தூளில் கரிமம் (கார்பன்) மிகுந்தும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைந்தும் இருப்பதால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நாம் இடும் தழைச்சத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. அடி இலைகள் வெளிறி மஞ்சளாவது அதன் அறிகுறி. நாற்றில் வித்திலைகளுக்குப் பிறகு இரண்டு உண்மையிலைகள் வந்ததும் நீர்த்த கரைசலாக உரம் கொடுக்கத் தொடங்கலாம். பொட்டாசியம் மிகுந்த உரத்தைத் தொடக்கத்தில் தவிர்த்து, பூக்கும் பருவத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

எளிதில் சிதையாத லிக்னின் என்ற மரச்சத்து மிகுந்த பொருளாகையால் நார்த்தூள் மெதுவாகவே மட்கும். நோய் தாக்காத செடி இருந்த தொட்டியின் தூளை, பழைய வேர்களைப் பொறுக்கிவிட்டு, நன்றாக அலசி, புதிதாக உரம் கலந்து அடுத்த பருவத்துக்கும் பயன்படுத்தலாம். கொழகொழவென்று இறுகி, தண்ணீர் இறங்கத் தாமதமானால், அதைத் தோட்ட மண்ணில் கொட்டிக் கிளறிவிட்டுப் புதுக் கட்டிக்கு மாறிக்கொள்ளலாம்.