யாழ்ப்பாணத்தில் வம்சாவளி தேடப் போவோருக்கு

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போய், "எங்கட பூட்டனாரைப் பற்றி ஏதும் இருக்குதோ?" என்று கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டிவரும். 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போய்விட்டன. இன்று அங்கே இருப்பவற்றில் பெரும்பகுதி பிறகு சேர்த்தவை. அவை உதவும். ஆனால் ஆளின் முழுப்பெயர், தகப்பன் பெயர், ஊரும் குறிச்சியும், இறந்த ஆண்டு ஆகியவற்றோடு போனால்தான் உதவும். அவற்றை முதலில் வீட்டிலேயே தேட வேண்டும்.

இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரைக் கல்வெட்டு என்போம். அதுதான் முதல் ஆதாரம். பெரியம்மாவின் அலமாரியில் பழைய சாறிகளுக்கு அடியில் நாலைந்தாவது கிடக்கும். வாழ்க்கை வரலாற்றுப் பகுதியில் புகழ்ச்சி மிகுதி, அதை வேகமாகத் தாண்டிவிடலாம். வேண்டியவை இரண்டு: கடைசிப் பக்கங்களில் வரும் வம்சாவளியும், முன்பக்கத்துத் திதி வெண்பாவும். வெண்பாவில் தமிழ் வருடம், மாதம், பட்சம், திதி எல்லாம் இருக்கும். அதை ஆங்கிலத் தேதியாக மாற்றும்போதுதான் பலர் வழுக்குகிறார்கள். "விஜய வருடம் தை" என்றிருந்தால் 1953 அல்ல, 1954 சனவரி நடுப்பகுதிக்கும் பெப்ரவரி நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட நாள். தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். 60 வருடச் சுற்று என்பதால் 1894 ஆகவும் இருக்கலாம். பிள்ளைகளின் வயதை வைத்து எது என்று முடிவு செய்யுங்கள்.

கல்வெட்டு வம்சாவளியை அப்படியே நம்பவும் கூடாது. குழந்தையாய் இறந்தவர்கள், கலியாணம் கட்டாதவர்கள், வீட்டாருக்குப் பிடிக்காத கலியாணம் செய்தவர்கள் சத்தமில்லாமல் விடுபட்டிருப்பார்கள். தாய்வழியும் தகப்பன்வழியும் வெவ்வேறு காலத்தில் அடித்த இரண்டு கல்வெட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓட்டை தெரியும்.

விமானம் ஏறுமுன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற பெயருடைய நிறுவனத்தின் இணையத்தளத்தில் நினைவு மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை மலர்கள், பழைய பத்திரிகைகள் என்று ஏராளம் எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறார்கள். கணபதிப்பிள்ளை, கணபதிபிள்ளை என்று ஒற்றோடும் ஒற்றில்லாமலும் தேடுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் இட்டும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது உறுதி, அதாவது காணிப் பத்திரம். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைமுறைக்குத் தலைமுறை முதலெழுத்து மாறிவிடும். காணி அப்படி மாறாது. ஒவ்வொரு உறுதியும், அந்தக் காணி முந்தியவருக்கு எந்த உறுதிப்படி வந்தது என்று சொல்லும். அதைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். உறுதி எழுதிய நொத்தாரிசின் (நோட்டரியின்) பெயர், உறுதி இலக்கம், தேதி மூன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நொத்தாரிசுமார் தத்தம் உறுதிகளுக்குத் தனித்தனியே இலக்கமிடுவதால், இலக்கத்தை மட்டும் கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போனால் பலனில்லை. ஊரை உள்ளடக்கிய பழைய பிரிவான கோயிற்பற்றின் பெயரும் உறுதியில் இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

சீதன உறுதி கிடைத்தால் அதைப் பொன்போல் பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பெண்ணுக்குக் கொடுத்த ஆதனம் என்பதால், கொடுத்த தாய் தகப்பன், பெண், மாப்பிள்ளை எல்லோரும் ஒரே தாளில் வருவார்கள். பழைய காலத்துச் சைவக் கலியாணங்கள் பல பதிவே செய்யப்படாதவை. பதிவாளரிடம் விவாகச் சான்றிதழ் இல்லை என்றால் சீதன உறுதிதான் சாட்சி. நாலு எல்லைகளிலும் வரும் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்துக் காணிக்காரர் பெரும்பாலும் சகோதரம்தான். 12 பரப்புக் காணி அடுத்த உறுதியில் 3 பரப்பாய் நின்றால், நாலு பேருக்குப் பிரிந்ததா என்று விசாரியுங்கள். (பரப்பு என்பது யாழ்ப்பாணத்துக் காணி அளவு. வரகுக் கணக்கு எனப்படும் அளவின்படி 16 பரப்பு ஓர் ஏக்கர்.)

பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களுக்குப் பதிவு நடந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பிறந்த ஊரும் பதிந்த ஊரும் ஒன்றாய் இருக்க வேண்டுமென்பதில்லை. தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறப்பது வழக்கம், ஆகவே அம்மம்மாவின் ஊரையும் கேளுங்கள். பிற்காலப் படிவங்களில் பாட்டனின் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் கேட்கும் நிரல் உண்டு. ஒரே தாளில் மூன்று தலைமுறை. ஆங்கிலத்தில் எழுதிய பழைய பதிவுகளில் கனகசபையை 'கே' எழுத்தில் மட்டும் தேடாமல் 'சீ' எழுத்திலும் தேடச் சொல்லுங்கள்.

இவ்வளவும் கையில் இருந்தால் பழைய பத்திரிகைகளில் மரண அறிவித்தல் தேட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் உசாத்துணைப் பகுதிக்குப் போகலாம். ஈழநாடு பத்திரிகை 1959 இல் தொடங்கியது. அதற்கு முந்திய மரணங்களுக்கு ஈழகேசரி, இந்து சாதனம், வீரகேசரி. எந்த நூலகத்தில் எந்த ஆண்டுத் தொகுப்பு எஞ்சியிருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், யாழ் பல்கலைக்கழக நூலகத்தையும் சேர்த்து. மரண அறிவித்தலை இறந்த வாரத்தில் மட்டும் தேடி நிறுத்திவிட வேண்டாம். 31 ஆம் நாளையொட்டி நன்றி நவிலலும், ஆண்டுத் திதிக்கு நினைவஞ்சலியும் வரும். "இன்னாரின் மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் மைத்துனரும்" என்ற அந்த நீண்ட வசனம் பாதி வம்சாவளி. பழந்தாள் மடித்த இடத்தில் உடையும், பக்கத்தின் கீழ்மூலையைப் பிடித்துப் புரட்டாதீர்கள். கைபேசியில் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள், பத்திரிகையின் பெயரும் தேதியும் உள்ள மேல்வரியையும் சேர்த்து எடுங்கள்.

வம்சாவளியில் திடீரென்று அமெரிக்கப் பெயர் ஒன்று தலைகாட்டினால் திகைக்க வேண்டாம். 1816 இல் வந்த அமெரிக்க மிஷனின் பள்ளிகளில், படிப்புக்குப் பணம் தந்த அமெரிக்கரின் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கம் இருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்ற பெயர்களை நினைத்துப் பாருங்கள். அப்படியானால் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்கலாம். பிற்காலத்தில் சைவத்துக்குத் திரும்பிய குடும்பங்களும் அங்கே இருக்கும்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஊரில் நிற்பது மனதுக்கு நல்லது, தேடலுக்கு அல்ல. உறவினர் எவரையும் ஆறுதலாய் இருத்திக் கதைக்க முடியாது. பூரணை தினங்களிலும் அலுவலகங்கள் பூட்டு.

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலக் காணிப் பதிவேடான தோம்பு வரை போக எண்ணினால் கடைசியில் கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு இரண்டு வேலை நாளாவது ஒதுக்குங்கள். தோம்பின் மொழி ஒல்லாந்து, காணிப் பெயர்களும் ஆட்பெயர்களும் அவர்கள் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. காணிப் பெயரையும் கோயிற்பற்றையும் முன்கூட்டியே தாளில் எழுதி, கடவுச்சீட்டோடும் ஒரு பென்சிலோடும் போங்கள்.