என்.ஐ.ஆர்.எஃப். படிவத்தில் கல்விக் கட்டண உதவி விவரங்களைச் சரியாகத் தருவது எப்படி?

உயர்கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-க்குக் கல்லூரிகள் அளிக்கும் மாணவர் எண்ணிக்கை அட்டவணையின் இறுதியில் நான்கு நெடுவரிசைகள் உள்ளன. முழுக் கல்விக் கட்டணத்தையும் மத்திய, மாநில அரசுகளிடமிருந்து பெற்றவர்கள், கல்லூரியின் சொந்த நிதியிலிருந்து பெற்றவர்கள், தனியார் அமைப்புகளிடமிருந்து பெற்றவர்கள், எவரிடமிருந்தும் முழுக் கட்டணம் பெறாதவர்கள் என்று அவை பிரிகின்றன. உதவித்தொகை பெற்ற அனைவரையும் முதல் நெடுவரிசையில் கூட்டி எழுதிவிடுவது எளிது. ஆனால் படிவம் கேட்பது அதுவன்று.

இங்கே அளவுகோல் ‘முழு’ என்பதும் ‘கல்விக் கட்டணம்’ என்பதும்தான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதந்தோறும் கிடைக்கும் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையே தவிர, கல்விக் கட்டணத்தை ஈடுசெய்வதன்று. முதல் பட்டதாரிச் சலுகை, சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலும் கட்டணத்தின் ஒரு பகுதியை மட்டுமே குறைக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவர்களுக்கோ கல்விக் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்பதால், அவர்கள் ஐயமின்றி முதல் நெடுவரிசைக்கு உரியவர்கள். எந்த ஒரு மூலமும் கட்டணம் முழுவதையும் ஈடுசெய்யாத மாணவரை நான்காவது நெடுவரிசையில் சேர்ப்பதே நேர்மையானது என்பது என் கருத்து.

துறைகளிடமிருந்து மொத்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்கிக் கூட்டுவதைக் கைவிட்டு, மாணவர் ஒருவருக்கு ஒரு வரி என்ற முறையில் பட்டியல் தயாரிக்க வேண்டும். பதிவு எண், யூமிஸ் எண் (உயர்கல்வி மாணவர்களுக்கான தமிழக அரசின் தரவுத்தள எண்), கல்விக் கட்டணம் (விடுதி, தேர்வு, சிறப்புக் கட்டணங்கள் நீங்கலாக), உதவியின் மூலம், தொகை, அனுமதி ஆணை எண் ஆகியவை அதில் இருந்தால், ஒரே மாணவர் இரண்டு திட்டங்களில் இருமுறை எண்ணப்படுவது உடனே தெரிந்துவிடும்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையில்தான் சிக்கல் அதிகம். ஆதிதிராவிட மாணவர்களுக்கான தொகையில் மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு 2021-22 முதல் மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேரடியாகச் செல்வதால், கல்லூரியின் வரவுப் பதிவேட்டை மட்டும் நம்பினால் எண்ணிக்கை குறைந்துவிடும். தொகை அடுத்த கல்வியாண்டில் வந்து சேர்ந்தால் ஆண்டும் மாறிவிடும். ஆகவே பணம் வந்த தேதியைப் பாராமல், அனுமதி ஆணை எந்தக் கல்வியாண்டுக்கு உரியதோ அந்த ஆண்டில் மாணவரைக் கணக்கிட்டு, கணக்குப் பிரிவும் உதவித்தொகைப் பிரிவு எழுத்தரும் சேர்ந்து பட்டியலைச் சரிபார்க்க வேண்டும்.

அரசு தந்த தொகையைக் கல்லூரியின் சொந்த நிதி நெடுவரிசையில் எழுதுவது சிறு பிழையன்று. ‘பொருளாதார, சமூக நிலையில் பின்தங்கிய மாணவர்கள்’ என்ற கூறுக்கு உரிய 20 மதிப்பெண், கல்லூரியே முழுக் கட்டணத்தை ஈடுசெய்த இளநிலை மாணவர்களின் விழுக்காட்டைக் கொண்டு கணக்கிடப்படுவதாகும். அறக்கட்டளை கல்லூரி வழியாகக் கொடுத்த தொகையும் தனியார் உதவியே; நிர்வாகக் குழுத் தீர்மானமும் கல்லூரிக் கணக்கில் செலவுப் பதிவும் இருந்தால் மட்டுமே அது சொந்த நிதி.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் 5.1.1 அளவீடு, அரசும் பிறரும் வழங்கிய உதவித்தொகைகளால் பயனடைந்தவர்களைக் கேட்கிறது. முழுக் கட்டணம் என்ற நிபந்தனை அதில் இல்லை. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புப் படிவத்திலும் உதவித்தொகைக்குத் தனிப் பகுதி உண்டு. மூன்றிலும் ஒரே எண் வரவேண்டும் என்று அலுவலகத்தில் யாரேனும் வற்புறுத்தினால் இணங்க வேண்டாம். ஒரே மாணவர் பட்டியலிலிருந்து மூன்று எண்களையும் எடுத்து, வேறுபாட்டுக்கான காரணத்தை ஒரு பக்கக் குறிப்பாகக் கோப்பில் வைப்பது போதும்.

அனுப்பிய விவரங்களைக் கல்லூரியின் இணையதளத்திலும் வெளியிட வேண்டியிருப்பதால், பதிவேற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு நெடுவரிசையிலிருந்தும் சில மாணவர்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய கட்டண ரசீதையும் அனுமதி ஆணையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இதைப் பட்டியல் தயாரித்தவர் அல்லாத ஒருவர் செய்ய வேண்டும்.