"தாத்தா ரொம்ப நல்லவரு, அதான் சாமி கூப்பிட்டுக்கிச்சு": துக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் தவிர்க்க வேண்டியவை

பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்லும் இந்த வாக்கியத்தை ஐந்து வயதுப் பிள்ளை அப்படியே எடுத்துக்கொள்ளும். நல்லவர்களைத்தான் கூப்பிடுவார் என்றால் அடுத்தது அம்மாவா, நானா? அன்றிலிருந்து சாமி என்றாலே பயம்.

"தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்று மழுப்புவதும் அதே வகைதான். மரணத்தைப் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஹங்கேரியில் ஆராய்ந்த மரியா நாகி, 1948இல் வெளியிட்ட கட்டுரையில், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் அதை ஒரு தூக்கமாகவோ பயணமாகவோதான் நினைக்கிறார்கள் என்றார். ஏற்கெனவே அப்படி நினைக்கும் பிள்ளைக்கு நாமும் அதையே சொன்னால், அது வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். அல்லது படுக்கவே பயப்படும். முதலில் உண்மை: "இறந்துட்டார். உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு. இனி வலிக்காது, திரும்பி வரவும் மாட்டார்." ஆன்மா, மறுமை எல்லாம் அதற்குப் பிறகு. அதுவும் நீங்கள் உண்மையிலேயே நம்புவதை மட்டும். பிள்ளைகள் பாசாங்கைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

மிகவும் ஆபத்தானது, வினைப்பயன், தண்டனை, சோதனை என்ற பேச்சு. தான் கோபத்தில் நினைத்ததால்தான் இது நடந்தது என்று சின்னப் பிள்ளைகள் தாமாகவே நம்புவதுண்டு. வெளியில் சொல்லவும் மாட்டார்கள். கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லுங்கள்: "நீ நினைச்சதாலயோ சொன்னதாலயோ இது நடக்கல."

"நான் வேண்டிக்கிட்டேனே, ஏன் காப்பாத்தல?" என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். "எனக்கும் தெரியல, எனக்கும் கோபமா இருக்கு" என்பது நல்ல பதில். கடவுள்மேல் வரும் கோபம் நம்பிக்கையின்மை ஆகாது.

இறுதிச் சடங்குக்கு வற்புறுத்தி இழுப்பதும் தவறு, ஒளித்துவைப்பதும் தவறு. அங்கே என்ன பார்க்க நேரும் என்று முன்பே விளக்கி, வருவதா வேண்டாமா என்று கேளுங்கள். அழுத கையோடு விளையாடப் போனால் விட்டுவிடுங்கள், அவர்களுக்குத் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும்.

"மறந்துடு" என்பார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பற்றி ஹார்வர்டில் வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும் நடத்திய ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. பல பிள்ளைகள் இறந்தவரோடு பேசுகிறார்கள், அவர் தம்மைப் பார்ப்பதாக உணர்கிறார்கள், அவருடைய பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். இழப்புக்கான அர்த்தத்தைப் பிள்ளை தேடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். நம் உபதேசத்தைவிட அது ஆழமானது. கடிதம் எழுதட்டும், பிரார்த்தனையில் பெயரைச் சொல்லட்டும், "அவங்க எங்க இருக்காங்கன்னு நீ நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு, சொல்லும் பதிலைத் திருத்தாமல் காதுகொடுத்துக் கேளுங்கள்.

சொர்க்கத்தை அளவுக்கு மீறி அழகாக வர்ணிக்காதீர்கள். "நானும் அங்கே போகணும்" என்று பிள்ளை சொன்னால், பார்க்கத் துடிக்கிறதா, சாக நினைக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். சாக நினைப்பதாகத் தெரிந்தால் தனியே விடாமல், அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.