அடுத்த ஜிஆர்86 வதந்தியை எடைபோடுவது எப்படி? கோலாலம்பூரில் காத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செந்தூல் பட்டறைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் டொயோட்டாவின் அடுத்த 86 ஸ்போர்ட்ஸ் கார் பற்றிச் சுற்றும் பேச்சு இதுதான்: சுபாருவின் பாக்ஸர் எஞ்சின் போகிறது, ஜிஆர் யாரிஸில் இருக்கும் 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ வருகிறது, கூடவே ஹைப்ரிட் மோட்டார், விலையும் ஏறாது. இதை நம்பி, இப்போதைய மாடலான ஜிஆர்86-ஐ ரீகண்டாக (வெளிநாட்டில் பதிவாகி இங்கே இறக்குமதியாகும் காராக) வாங்கும் திட்டத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய பணம் போகும் முடிவு இது. அந்தப் பேச்சை முழுசாக நம்பவும் வேண்டாம், முழுசாக ஒதுக்கவும் வேண்டாம். பிரித்துப் பாருங்கள்.

ஒரு தாளை எடுத்து எஞ்சின், பாடி, தயாராகும் ஆலை, தேதி, விலை என்று தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒரே வதந்தியில் ஒரு பாதி பலிக்கும், மறுபாதி பொய்க்கும். நிஸான் இசட் நல்ல உதாரணம். நிஸானின் சொகுசுப் பிராண்டான இன்ஃபினிட்டியின் 3.0 லிட்டர் ட்வின் டர்போ வி6 அதில் வரும் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள், அப்படியே வந்தது. பெயர் 400இசட் என்று அடித்துச் சொன்னார்கள். 2021 ஆகஸ்டில் வெறும் இசட் என்றுதான் வந்தது.

86-இன் சொந்த வரலாறு இன்னும் நல்ல பாடம். 2012-இல் முதல் தலைமுறை வந்த நாள் முதலே டர்போ வரப்போகிறது என்ற பேச்சு ஓயவில்லை. காரணம் உண்மையான குறை: 2.0 லிட்டர் எஃப்ஏ20 எஞ்சின் நடு ஆர்பிஎம்மில் தொய்ந்துபோகும், 205 நியூட்டன் மீட்டர் டார்க்கின் உச்சம் 6,400-க்கு மேல்தான் கிடைக்கும். 2021-இல் வந்த ஜிஆர்86-இல் டர்போ இல்லை. எஞ்சினை 2.4 லிட்டராக்கி, 250 நியூட்டன் மீட்டரை 3,700 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிட்டார்கள். ஆகவே எந்த வதந்தியைக் கேட்டாலும் முதலில் அதன் அடியில் இருக்கும் குறையைத் தேடுங்கள். குறை நிஜமாக இருந்தால் கம்பெனி அதைத் தீர்க்கப் பார்க்கும். ஆனால் ரசிகர்கள் நினைக்கும் வழியில்தான் தீர்க்கும் என்று சொல்ல முடியாது.

செய்தியின் ஊற்றைத் தேடுங்கள்

ஒரே நாளில் பத்து யூடியூப் சானல்கள் சொன்னாலும் அது ஒரே சாட்சியாக இருக்கலாம். ஒவ்வொன்றிலும் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பின்னோக்கிப் போங்கள். பெரும்பாலும் ஒரு ஜப்பானிய கார் இதழின் ஊகக் கட்டுரையில் போய் முடியும், கூடவே கம்ப்யூட்டரில் வரைந்த படம் ஒன்று இருக்கும். அந்தப் படத்துக்குச் சாட்சி மதிப்பு பூஜ்யம். வைப்பர் எங்கே, நம்பர் பிளேட்டுக்கு இடம் எங்கே, நான்கு வீலிலும் நட் எண்ணிக்கை ஒன்றா என்று பார்த்தாலே பல படங்கள் அங்கேயே விழுந்துவிடும்.

வர்த்தக முத்திரைப் பதிவு சற்று மேலானது, ஆனால் ஏமாற்றும். ஜப்பானில் தொடர்ந்து மூன்று வருடம் பயன்படுத்தாத பெயரை ரத்து செய்யச் சொல்லி வேறொருவர் மனுப் போடலாம். அதனால் பழைய பெயர்களைக் காப்பாற்றவே கம்பெனிகள் மறுபடி பதிவு செய்கின்றன. பதிவில் 12-ஆம் வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள், வாகனங்களுக்கு அதுதான். 28-ஆம் வகுப்பு மட்டும் இருந்தால் அது பொம்மைக்கும் விளையாட்டுப் பொருளுக்கும். காப்புரிமையும் அப்படித்தான்: விண்ணப்பித்து 18 மாதம் கழித்துத்தான் பொதுவில் வெளியாகும், அதற்குள் அந்த யோசனையையே கைவிட்டிருக்கலாம். தொழில்துறை வடிவமைப்புப் பதிவு வேறு ரகம். அதில் மறைப்பு ஒட்டாத கோட்டுப்படம் இருக்கும். மலேசியாவில் மை-ஐபிஓ (அறிவுசார் சொத்துக் கழகம்) தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

சோதனைக் காரின் படம் கிடைத்தால்

முதலில், அது பழைய பாடிக்குள் புதிய உறுப்புகளை வைத்து ஓட்டும் காரா, புதிய பாடியே போட்ட காரா என்று பிரியுங்கள். வீல் ஆர்ச்சை ரிவெட் அடித்து அகலமாக்கியிருந்தால் முதல் வகை. அந்தக் காரை வைத்து வடிவத்தைப் பற்றி எதுவும் பேசக்கூடாது, மெக்கானிக்கல் விஷயத்தை மட்டும் பேசலாம். வீல் நட் இடைவெளியைக் கவனியுங்கள்: இதுவரை வந்த இரண்டு தலைமுறையும் 5x100, அதாவது 100 மிமீ விட்ட வட்டத்தில் ஐந்து நட். அது 5x114.3 ஆகியிருந்தால் அடியில் இருப்பது வேறு ஹப் (சக்கரத்தை மாட்டும் பாகம்), ஒருவேளை வேறு பிளாட்ஃபார்ம் (காரின் அடித்தளம்). மின்னல் குறியிட்ட எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உயர்மின்னழுத்த பேட்டரி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீல்பேஸை, அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை, வீட்டிலேயே அளக்கலாம். நேர்ப்பக்கவாட்டில், தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுத்த படம் தேவை. கிட்டத்தில் போனில் எடுத்தது உதவாது. பின் டயரின் விட்டத்தைக் கிடைமட்டமாக அளந்துகொள்ளுங்கள். மேலிருந்து கீழாக அளந்தால் காரின் எடையில் அடி நசுங்கி அளவு குறையும். முன் சக்கரம் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் ஒடுங்கித் தெரியும், அதனால்தான் பின் டயர். இப்போதைய ஜிஆர்86-இன் 215/40ஆர்18 டயருக்கு விட்டம் 629 மிமீ (457 மிமீ ரிம், மேலும் கீழும் 86 மிமீ சுவர்). படத்தில் டயர் 120 பிக்சல், இரு சக்கர மையங்களுக்கு இடையே 491 பிக்சல் என்றால், 491-ஐ 120-ஆல் வகுத்து 629-ஆல் பெருக்க 2,574 மிமீ வரும். இன்றைய காரின் வீல்பேஸ் 2,575. அதாவது பிளாட்ஃபார்ம் மாறாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே தவறு எளிது. டயரை 122 பிக்சல் என்று அளந்துவிட்டால் விடை 2,531 ஆகிவிடும். டயர் 235/40ஆர்18 ஆக இருந்தால் அதே படம் 2,639 காட்டும். டயர் சுவரில் எழுத்து படிக்க முடியாத படத்தை வைத்து "வீல்பேஸ் 60 மிமீ கூடியது" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எஞ்சின் உள்ளே போகுமா?

இதுதான் முக்கியமான கேள்வி, இதைத்தான் பலர் கேட்பதில்லை. பாக்ஸரில் சிலிண்டர்கள் படுத்திருக்கும். அதனால்தான் 86-இன் பானெட் அவ்வளவு தாழ்வு, எடையும் கீழே. மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிர்ந்து நிற்கும். பாதசாரி பாதுகாப்பு விதிப்படி பானெட்டுக்கும் எஞ்சினின் கெட்டியான பாகங்களுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். எனவே பானெட் உயரும், அல்லது எஞ்சினைச் சாய்த்து இறக்க வேண்டும். இறக்கினால் ஆயில் சம்ப், சப்ஃப்ரேம், ஸ்டீயரிங் ரேக் எல்லாம் மாறும். ஜிஆர் யாரிஸில் எஞ்சின் குறுக்கே கிடக்கிறது. 86-க்கு நீளவாக்கில் திருப்ப வேண்டும், கியர்பாக்ஸும் வேறு.

முடியாது என்று அர்த்தமில்லை. 2022-இல் ஜப்பானின் சூப்பர் தைக்யூ பந்தயத்தில், இதே எஞ்சினை 1.4 லிட்டராகச் சிறிதாக்கி ஒரு ஜிஆர்86-இல் வைத்து ஓட்டினார்கள். இந்த வதந்திக்கு இருக்கிற திடமான சாட்சி இது. ஆனால் பந்தயக் காருக்குப் பாதசாரி விதியும் இல்லை, ஆயிரக்கணக்கில் தயாரிக்கும் செலவும் இல்லை.

அடுத்து ஆலை. ஜிஆர்86 தயாராவது ஜப்பானின் குன்மாவில், சுபாருவின் ஆலையில். பாக்ஸர் போய்விட்டால் சுபாரு எதற்காக அதைத் தயாரிக்கும்? டொயோட்டாவின் மோட்டோமாச்சி ஆலைக்கு மாறுகிறதென்றால் செலவு யார் தலையில்? இதற்குப் பதில் சொல்லாத வதந்தியில் "விலை ஏறாது" என்ற வரியை அடித்துவிடுங்கள்.

தேதிக்குப் பழைய கணக்கு போதும். எஃப்டி-86 கான்செப்ட் (காட்சிக்கு வைக்கும் மாதிரிக் கார்) 2009, விற்பனைக் கார் 2012. எஃப்டி-1 கான்செப்ட் 2014, சூப்ரா 2019. ஹோண்டா பிரெலூட் கான்செப்ட் 2023, கார் 2025. கான்செப்ட் கண்ணில் படாமலே "அடுத்த வருடம்" என்றால் ஒதுக்கிவிடலாம்.

நம்ம ஊர்க் கணக்கு

யென் விலையை வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மாற்றிப் பார்த்து மகிழ வேண்டாம். 2021-இல் ஜப்பானில் ஜிஆர்86-இன் தொடக்க விலை 27 லட்சத்து 99 ஆயிரம் யென். நூறு யென்னுக்கு மூன்று வெள்ளி என்று வைத்தால் 84,000 வெள்ளிதான். இங்கே அதிகாரப்பூர்வமாக வந்தபோது 3 லட்சம் வெள்ளியை ஒட்டியிருந்தது. கலால் வரி மட்டுமே 60 முதல் 105 சதவீதம், அதன்மேல் 10 சதவீத விற்பனை வரி.

எஞ்சின் வதந்தி உண்மையானால் நமக்கு நிச்சயமாகக் குறைவது ரோட் டேக்ஸ். தீபகற்ப மலேசியாவில் சொந்தக் காருக்கு 2,001 முதல் 2,500 சிசி வரை 380 வெள்ளி, 2,000-க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் ஒரு வெள்ளி. இப்போதைய 2,387 சிசிக்கு 767 வெள்ளி. 1,618 சிசி டர்போ என்றால் 200 வெள்ளியும், 1,600-க்கு மேற்பட்ட 18 சிசிக்கு 40 காசு வீதமும் சேர்ந்து 207 வெள்ளி 20 காசு. வருடத்துக்கு 560 வெள்ளி மிச்சம். நல்லதுதான், ஆனால் அதற்காக மூன்று வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

ரீகண்ட் வழியாக எடுப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெளிநாட்டில் பதிவாகி ஒரு வருடம் முடிந்த, ஐந்து வருடம் தாண்டாத காரைத்தான் ஏபி-யில் (இறக்குமதி அனுமதியில்) கொண்டுவர முடியும். ஜப்பானில் புதிய கார் விற்பனைக்கு வந்தாலும் ஜாலான் ஈப்போ கடைகளில் அது நிற்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன் யாராவது "அடுத்த 86-க்கு இடம் பிடித்துத் தருகிறேன்" என்று புக்கிங் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதிகாரப்பூர்வ அறிவிப்பு வந்தபின் கொடுப்பதாக இருந்தாலும், மாடல், எஞ்சின், பணம் திருப்பித் தரப்படும் நிபந்தனை மூன்றும் ரசீதில் எழுத்தில் இருக்க வேண்டும்.