கையில் ஊசி போடும் முன்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டுக்குப் புதிதாக வரும் நர்சிங் மாணவர்களையும் லேப் டெக்னீஷியன்களையும் பார்க்கிறேன். நாங்கள் பயிற்சிக்கு வந்தபோது நடந்த அதே தவறுகள்தான் இப்போதும் நடக்கின்றன. கையுறை மறப்பது போன்றவற்றை எல்லாரும் சொல்லித் தருகிறார்கள், அவை இங்கே வேண்டாம். கையில் ரத்தமும் நிணநீரும் எந்த வழியாக ஓடுகின்றன என்பது மனதில் பதியாததால் வரும் தவறுகள் இவை.

துடிப்பு பார்க்காமல் குத்துவது

முழங்கை மடிப்பில் எடுப்பாகத் தெரியும் சிரைக்கு அடியில் ஒரு மெல்லிய தசைநார்ப் படலம்தான் இருக்கிறது. அதற்குக் கீழே பிரேக்கியல் தமனி, அதன் உட்புறம் மீடியன் நரம்பு. சிலருக்கு அல்நார் தமனி மேலேயே பிரிந்து தோலை ஒட்டி ஓடும். டூர்னிக்கெட் (சிரை புடைக்கக் கட்டும் பட்டை) கட்டும் முன்பே விரல் வைத்துப் பாருங்கள். துடித்தால் அந்த இடம் வேண்டாம்.

சிறுநீரக நோயாளியின் முன்கைச் சிரையை வீணாக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக மேலேறும் சிஃபாலிக் சிரை நேராக, தடிமனாக இருக்கும். வென்ஃப்ளான் (மருந்து ஏற்றச் சிரைக்குள் விட்டுவைக்கும் சிறு குழாய்) சுலபமாக இறங்குவதால் புதியவர்களின் கை தானாக அங்கேதான் போகிறது. ஆனால் படுத்திருப்பவருக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் கழிவு) ஏறிக்கொண்டிருந்தால், நாளைக்கு அவருக்கு டயாலிசிஸ் செய்ய அந்தச் சிரைதான் வேண்டும்.

மணிக்கட்டில் ரேடியல் தமனியையும் சிஃபாலிக் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா செய்யும் முறையை பிரெசியா, சிமினோ குழுவினர் 1966-இல் வெளியிட்டார்கள். தமனியின் அழுத்தம் பாய்ந்து, சில வாரங்களில் சிரை விரிந்து சுவர் தடித்து, டயாலிசிஸ் ஊசியைத் தாங்கும் அளவுக்கு வரும். வென்ஃப்ளான் இருந்த சிரை அப்படி விரியாமல் போகலாம். உட்சுவர் புண்ணாகி, ரத்தம் உறைந்து, தழும்பாகிவிடுகிறது.

ஒரு பெரியவர் சர்க்கரைக்கும் காய்ச்சலுக்குமாக அடிக்கடி அட்மிட் ஆவார். ஒவ்வொரு முறையும் முன்கைகளில் மாறி மாறி ஐவி. ஃபிஸ்டுலாவுக்கு வந்தபோது டாப்ளர் ஸ்கேனில் இரண்டு கையிலும் சிஃபாலிக் அடைத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், தோலுக்கடியில் கயிறு போல உருண்டது. “இந்த நரம்புலதாம்மா எப்பவும் ஈசியா போடுவாங்க” என்றார். கழுத்தில் கதீட்டர் வைத்துத்தான் டயாலிசிஸ் தொடங்கினார்கள். அதில் கிருமித்தொற்றும் வந்தது.

இத்தனைக்கும் வழி எளிது. புறங்கைச் சிரையில் போடுங்கள், ரத்தமும் அங்கேயே எடுங்கள். 22 அளவு ஊசி போதுமென்றால் அதைவிடத் தடிமனான 18 எதற்கு? மேற்கைச் சிரை வழியாக பிக் லைன் (இதயத்தருகே வரை போகும் நீண்ட குழாய்) போடச் சொன்னால், முதலில் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். கேஸ் ஷீட்டில் கிரியாட்டினின் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ஃபிஸ்டுலா உள்ள கையில் பிரஷர் பார்ப்பது

கூடவே கூடாது.

சிவப்புக் கோடு என்றாலே சிரை அழற்சி என்று எழுதுவது

விரலில் புண் இருந்து முன்கையில் சிவந்த கோடு ஏறினால், அது நிணநீர்க்குழாய் அழற்சியாகவும் இருக்கலாம். சுண்டுவிரல் பக்கத்து நிணநீர் பேசிலிக் சிரையை ஒட்டிப் போய், முழங்கைக்குச் சற்று மேலே உட்புறமுள்ள நிணநீர்க் கணுக்களைத் தொடும். கட்டைவிரல் பக்கத்தது சிஃபாலிக்கை ஒட்டி, பெரும்பாலும் நேராக அக்குளுக்கு ஏறும். அதனால் அக்குளை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், முழங்கை உட்புறத்தையும் தொட்டுப் பாருங்கள். வலியோடு நெறி கட்டியிருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

மார்பக ஆபரேஷன் ஆனவரிடம் கேட்காமல் கையைப் பிடிப்பது

அக்குளில் சுமார் 20 முதல் 30 நிணநீர்க் கணுக்கள் உண்டு. கையின் நிணநீரும் மார்பகத்து நிணநீரில் பெரும்பகுதியும் அவற்றுக்கே வருகின்றன. ஆபரேஷனில் அவற்றை எடுத்திருந்தால் அந்தக் கையில் நீர் தேங்கி வீங்கலாம், கிருமி புகுந்தால் வீக்கம் இன்னும் கூடும். மறு கை நன்றாக இருக்கும்போது அதில் போடுவதே நல்லது. பல பெண்கள் தாங்களாகச் சொல்லக் கூச்சப்படுவார்கள். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி விசாரிக்காமல், திரையை இழுத்துவிட்டு, எந்தப் பக்கம் ஆபரேஷன், அக்குளிலும் கணுக்களை எடுத்தார்களா என்று கேளுங்கள்.