மண் ரோட்டு ட்ரிப்புக்கு ரூஃப் ரேக் வாங்குறதுக்கு முன்னாடி

ஆஸ்திரேலியாவுல ஊட்னடாட்டா ட்ராக்னு ஒரு மண் ரோடு, அதுல வில்லியம் க்ரீக் தாண்டி ஒரு மணி நேரம் போயிருப்போம், பின் சீட்ல இருந்த பொண்ணு அப்பா மேல ஏதோ டக்கு டக்குனு அடிக்குதுன்னா, எனக்கு அது கேக்கவே இல்ல, அந்த ரோடு போடுற இரைச்சல்ல வேற எதுவும் காதுல விழாது. ஓரங்கட்டி, கதவத் திறந்து சீட் விளிம்புல கால் வச்சு ஏறிப் பாத்தா, சாமான் ஏத்த கூரை மேல மாட்டியிருந்த ரேக்கோட பின்பக்க இடது கால்ல, அதாவது ரேக் கூரைய புடிக்கிற இடத்துல, போல்ட் இருந்த இடம் காலி. போல்ட் மட்டும் போயிருந்தா பரவால்ல, வட்டமா இருந்த ஓட்டை முட்டை மாதிரி இழுத்துப் போயிருந்தது, அத சுத்தி பெயிண்ட் தேஞ்சு வெள்ளி மாதிரி பளபளன்னு ஒரு வளையம், அந்த வளையத்துல செம்மண் மாவு மாதிரி அப்பியிருந்துச்சு. பக்கத்துல கூரைத் தகடுல தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் வேற. மேல ஒரு ஸ்பேர் வீல், ரெண்டு தண்ணி கேன், டூல் பாக்ஸ், நாலு மடக்கு சேர் வச்சிருந்தேன். எல்லாத்தையும் இறக்கி, பாதிய கூட வந்த நண்பர் வண்டியில ஏத்தி, ரேக்க ராட்செட் ஸ்ட்ராப்பால (லீவர் போட்டு இறுக்குற பட்டை) இழுத்துக் கட்டி, 40ல உருட்டிகிட்டே ஊட்னடாட்டா போய்ச் சேந்தோம்.

அடிலெய்டு திரும்பினதும் அடுத்த ரேக் வாங்குறதுக்கு முன்னாடி மாசக்கணக்கா இதையே படிச்சேன், ரேக் மாட்டுற கடைக்காரங்ககிட்ட கேட்டேன், பழைய ரேக்க பார்ட் பார்ட்டா கழட்டி எங்கெங்க தேஞ்சிருக்குன்னு பாத்தேன். நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப ஃபோர் வீல் டிரைவ் வாங்கி நாட்டோட உட்புற மண் ரோடுகளுக்கு போக ஆரம்பிச்சிருக்காங்க, அவங்க இந்தச் செலவும் பயமும் படக்கூடாதுன்னுதான் இத எழுதுறேன்.

மொதல்ல ரேக்க எது உடைக்குதுன்னு புரிஞ்சுக்கணும். குண்டு குழி இல்ல, அதப் பாத்தா நாமளே ஸ்லோ பண்ணிடுவோம். கார்ருகேஷன்தான் ஆள காலி பண்றது, ரோடு முழுக்க கூரைக்குப் போடுற தகர ஷீட்டு மாதிரி வரி வரியா அலை, ஓடுற வண்டிங்களோட டயரே மண்ண தள்ளித் தள்ளி உண்டாக்குறது. ஊட்னடாட்டா ட்ராக் மரீலேர்ந்து மார்லா வரைக்கும் 620 கிலோமீட்டர் பக்கம், கிப் ரிவர் ரோடு 660, ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ்லேர்ந்து ஹால்ஸ் க்ரீக் போற டனாமி ரோடு 1000த்த தொடும். ஒவ்வொரு அலைக்கும் மேல இருக்குற கனம் ஒரு தடவ எகிறி ஒரு தடவ அமுக்கும். ஒரே ஒரு பெரிய அடிய தாங்குற இரும்பு இந்த மாதிரி லட்சக்கணக்கான சின்ன அடியில விட்டுடும், கம்பிய மடக்கி நிமித்தி மடக்கி நிமித்தி ஒடைப்போமே அதேதான். அதனால கடையில போய் பைப்ப தட்டிப் பாத்து நல்லா கனமா இருக்குன்னு வாங்குறது தப்பு. கனமான ரேக்கே பாதி பிரச்சனை.

ஏன்னு சொல்றேன். உங்க வண்டி மேனுவல்ல ரூஃப் லோட் லிமிட்னு ஒரு நம்பர் இருக்கும், அதுதான் இந்த விஷயத்துல எல்லாத்துக்கும் மேல. டொயோட்டா பிராடோ 150 சீரிஸ்க்கு 80 கிலோ, குட்டி சுசுகி ஜிம்னிக்கு வெறும் 30 கிலோ. இந்த நம்பர்ல ரேக்கோட சொந்த எடையும் சேத்தி, இத கவனிக்காம விடுறவங்கதான் ஜாஸ்தி. ரேக் பெட்டியில 150 கிலோ தாங்கும்னு போட்டிருக்கும், அது ரேக் தாங்குற அளவு, உங்க கூரை தாங்குற அளவு இல்ல, ரெண்டுல எது கம்மியோ அதுதான் உங்க லிமிட். அது போக, ரேக் பெட்டியில போட்டிருக்குறது தார் ரோட்டு நம்பர். ரைனோ-ரேக் மாதிரி கம்பெனிங்க மண் ரோட்டுக்குப் போனா தங்களோட நம்பர 1.5ஆல வகுத்துக்கச் சொல்றாங்க, நான் அதே கணக்க வண்டியோட லிமிட்டுக்கும் போட்டுக்குறேன். பிராடோவுக்கு 80ஐ 1.5ஆல வகுத்தா 53 கிலோ. முழு நீள ஸ்டீல் பாஸ்கெட், அதாவது ஓரம் ஒசந்த கூடை மாதிரி ரேக், சுலபமா 40 கிலோவ தாண்டும், அப்ப உங்களுக்கு மிச்சம் 13 கிலோ கூட இல்ல, வண்டிய தூக்குற ஒரு ஹை-லிஃப்ட் ஜாக் வச்சா முடிஞ்சது. ஓரம் இல்லாத தட்டையான அலுமினியம் பிளாட்ஃபார்ம் 30 கிலோ பக்கம் வரும்னா 23 கிலோ கிடைக்கும். கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்க ஒரு பேப்பர்ல போட்டுட்டுப் போங்க, உங்க வண்டி நம்பர உங்க மேனுவல்ல பாத்து போடுங்க, அடுத்தவன் சொன்னத வச்சு போடாதீங்க.

ரூஃப் டென்ட், அதாவது ரேக் மேலயே விரிச்சுப் படுக்குற கூடாரம், போடுற ஐடியா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கணும், ஓடும்போது இருக்குற லிமிட் வேற, நின்னுகிட்டிருக்கும்போது இருக்குற லிமிட் வேற. நிக்கிற வண்டி மேல ரெண்டு பேர் ஏறிப் படுத்தாலும் கூரை தாங்கும், ஏன்னா அங்க ஆட்டம் இல்ல. ஆனா டென்டே 50லேர்ந்து 80 கிலோ வரைக்கும் இருக்கும், ரேக்கோட சேத்தா நிறைய வண்டிக்கு தார் ரோட்லயே லிமிட் தாண்டிடும். டென்ட் ஆசை இருக்குறவங்க மேல வேற எதுவும் ஏத்த முடியாதுன்னு மனசுல வச்சுகிட்டு முடிவு பண்ணுங்க.

இப்ப கால் விஷயத்துக்கு வர்றேன், என் அனுபவத்துல ரேக் வாங்குறதுல முக்கால்வாசி இதுதான். ஊர்ல அம்பாசடர் கார் மேல கேரியர் கட்டுவாங்களே, கூரை ஓரத்துல ஓடுற மழைத்தண்ணி விளிம்ப புடிச்சு இறுக்குவாங்க, அந்த விளிம்பு இன்னைக்கும் லேண்ட்க்ரூசர் 70 சீரிஸ்லயும் பழைய நிசான் பேட்ரோல்லயும் இருக்கு, அது பலமான இடம், வேணுங்குற தூரத்துல ஆறு கால் எட்டு கால் போடலாம். மத்த புது வண்டிங்கள்ல பெரும்பாலும் அந்த விளிம்பு கிடையாது, நிறைய வண்டியில கம்பெனியே கூரையில த்ரெட் போட்ட ஓட்டை குடுத்திருப்பான், அதுல நேரா போல்ட் போடுற ரேக்தான் அடுத்த நல்ல சாய்ஸ். அதுலயும் நீளவாக்குல ஒரு தண்டவாளம் மாதிரி ரெண்டு பக்கமும் ஓடி எல்லா ஓட்டையையும் சேத்துப் புடிக்கிற டைப் இருக்கு, ரைனோ-ரேக்ல பேக்போன்னு சொல்வாங்க, கனத்த ஒரே இடத்துல இறக்காம கூரை நெடுக பிரிச்சு விடும். ஃபேக்டரியில வந்த ரெய்லு மேல மாட்டுறதும் ஓரளவுக்கு ஓகே. கதவு விளிம்புல கொக்கி போட்டு இறுக்குற டைப் சிட்டிக்குள்ள சைக்கிள் கொண்டு போக நல்லாதான் இருக்கும், கார்ருகேஷனுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. எனக்கு விட்டதும் அந்த டைப்தான், அதுவும் நாலே கால், ஒவ்வொரு கால்லயும் கனம் குமிஞ்சு கூரைத் தகட வெட்டிருச்சு. கடையில கேக்க வேண்டிய மொத கேள்வி எத்தன கால், எங்க புடிக்குது, காலுக்கும் கூரைக்கும் நடுவுல என்ன ரப்பர் இருக்குங்குறதுதான்.

இரும்பா அலுமினியமாங்குற சண்டை எப்பவும் ஓடிகிட்டே இருக்கும். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. இரும்புல ஒரு அளவுக்குக் கீழ அடி விழுந்தா எத்தன லட்சம் தடவ விழுந்தாலும் அது களைச்சுப் போகாது, அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது, மெதுவா களைச்சுகிட்டேதான் இருக்கும். அதோட அலுமினியத்த வெல்ட் வச்சா வெல்டுக்குப் பக்கத்துல சூடு பட்ட இடம் பலம் குறஞ்சிடும், அதனால விரிசல் எப்பவும் வெல்ட ஒட்டித்தான் கிளம்பும். இரும்பு ஒடஞ்சா வழியில ஏதாவது ஒரு மாட்டுப் பண்ணையில சாதாரண வெல்டிங் மெஷின் இருந்தா ஒட்டிக்கலாம், அலுமினியத்துக்கு அதுக்குன்னு மெஷினும் கை பழகின ஆளும் வேணும். இவ்ளோ சொல்லிட்டும் நான் அலுமினியம்தான் வாங்கினேன், காரணம் மேல போட்ட அந்தக் கணக்கு, 10 கிலோவுக்கு மேல மிச்சமாகுறது கூரைக்கும் வண்டிக்கும் பெரிய நிம்மதி.

அலுமினியத்துலயே ரெண்டு விதம். ஏஆர்பி பேஸ் ரேக் மாதிரி முழுசா வெல்ட் வச்சு வர்றது, தென்னாப்பிரிக்காவோட ஃப்ரன்ட் ரன்னர் மாதிரி பட்டை பட்டையா போல்ட் போட்டு சேக்குறது. வெல்ட் வச்சது ஆட்டம் கம்மி, லூஸ் ஆக போல்ட் கம்மி, ஆனா ஒடஞ்சா முழு ரேக்கும் பிரச்சனை. போல்ட் போட்டது ஒரு பட்டை வளஞ்சா அத மட்டும் மாத்திக்கலாம், அதுக்கு பதிலா நீங்க ஸ்பானரோட அப்பப்ப சுத்தி வரணும். வெல்ட் வச்சது வாங்குறதா இருந்தா விரல் நகத்த வெல்ட் மேல ஓட்டிப் பாருங்க, மீன் செதில் மாதிரி ஒரே சீரா இருக்கணும், நடுவுல பள்ளமோ சின்னச் சின்ன ஓட்டையோ தட்டுப்பட்டா வேணாம். மூலையில ரெண்டு பைப்பு சேர்ற இடத்துல சின்ன முக்கோணத் தகடு குடுத்திருக்கானான்னும் பாருங்க.

பாஸ்கெட்டா தட்டையான பிளாட்ஃபார்மான்னா என் ஓட்டு பிளாட்ஃபார்முக்கு. பாஸ்கெட்ல ஓரம் ஒசரமா இருக்குறதால பாக்குற எல்லாத்தையும் அதுல போடத் தோணும், காத்து எதிர்ப்பும் ஜாஸ்தி, டீசல் குடிக்கும். பிளாட்ஃபார்ம்ல பட்டையில இருக்குற காடி வழியா எங்க வேணா கொக்கி மாட்டிக்கலாம். அந்தக் காடியில செம்மண்ணு போய் அடைச்சுக்கும், ஒரு பழைய டூத் பிரஷ் கையில வச்சுக்கோங்க. உயரத்தையும் ஒரு தடவ டேப் வச்சு அளந்து டாஷ்போர்டுல ஒட்டிடுங்க, நிறைய சிட்டி கார் பார்க்கிங் 2.1 மீட்டர்லயே முடிஞ்சிடும்.

மேல என்ன வைக்கலாம்? எடை கம்மி, இடம் ஜாஸ்தி அடைக்கிற சாமான் மட்டும். ஸ்லீப்பிங் பேக், துணி டென்ட், மடக்கு சேர், மணல்ல மாட்டினா டயருக்கு அடியில போடுற மேக்ஸ்ட்ராக்ஸ் மாதிரி ரெகவரி போர்டு, அது ஜோடி 8 கிலோ பக்கம்தான். ஸ்பேர் வீல் 30 கிலோவுக்கு மேல வரும், அத பின் பம்பர்லயோ அடியிலயோ மாட்டுங்க. 20 லிட்டர் தண்ணின்னா 20 கிலோ, கேன் தனி, அது வண்டிக்குள்ள தரையோட தரையா பின் சீட்ட ஒட்டி இருக்கணும். டீசல் ஜெர்ரி கேன மேல வைக்கிறவங்கள நிறைய பாக்குறேன், நிரம்பின ஒண்ணு 20 கிலோவ தாண்டும், வெயில்ல காயும், ஒழுகினா கூரையிலேர்ந்து வழிஞ்சு கீழ வரும், பெட்ரோல்னா அது நேரடி ஆபத்து. சிம்ப்சன் டெசர்ட்ல மவுன்ட் டேர் விட்டா பேர்ட்ஸ்வில் வரைக்கும் பங்க் கிடையாதுங்குறது உண்மைதான், அதுக்கு லாங் ரேஞ்ச் டேங்க், அதாவது பெரிய டீசல் டேங்க், போடுறதுதான் சரியான வழி, அந்தக் காசு வீணாகாது. அங்க ஆயிரத்துக்கு மேல மணல் மேடு, பேர்ட்ஸ்வில் பக்கம் பிக் ரெட் மட்டுமே 40 மீட்டர் உயரம், மேட்டுல பாதியில நின்னு பின்னாடி இறங்கும்போது வண்டி லேசா குறுக்க திரும்பினா தலையில கனம் இருக்குற வண்டி உருண்டுடும். சாயங்காலம் கங்காரு குறுக்க பாஞ்சு ஸ்டியரிங்க ஒடிச்சாலும் அதே ஆபத்து, உள்ள புள்ளைங்க இருக்காங்க, இதுல மட்டும் யாரு என்ன சொன்னாலும் விட்டுக்குடுக்காதீங்க.

ஆனிங், அதாவது ரேக் பக்கவாட்டுலேர்ந்து நிழலுக்கு விரிக்கிற பந்தல், மாட்டுறவங்களுக்கு ஒரு வார்த்த. 270 டிகிரி ஆனிங் 20 கிலோவுக்கு மேல, அது முழுக்க ஒரே பக்கம் தொங்குது, அந்த பிராக்கெட்டுதான் மொதல்ல ஒடையும். ரெண்டு பிராக்கெட் குடுத்தா மூணாவது ஒண்ணு சேத்து வாங்குங்க. அந்த எடையும் லிமிட்ல சேரும்.

மாட்டும்போது கூடவே நில்லுங்க, முடிஞ்சா நீங்களே மாட்டுங்க. ரப்பர் உக்காருற இடத்த நல்லா கழுவி தொடச்சு, பெயிண்ட் மேல ட்ரான்ஸ்பரன்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிட்டு அப்புறம் கால வைங்க, இல்லன்னா நடுவுல மாட்டுற தூசி உப்புத்தாள் மாதிரி பெயிண்ட அரிச்சிடும். எவ்ளோ இறுக்குறோம்னு அளவு காட்டுற டார்க் ரெஞ்ச் வச்சு புத்தகத்துல போட்ட அளவுக்கு மட்டும் இறுக்குங்க, பலம் காட்டி இறுக்கினா த்ரெட் போயிடும். நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் இருந்து தானா கழலாதது) இல்லாத இடத்துல நீல கலர் த்ரெட் லாக்கர், அதாவது த்ரெட்ட புடிச்சு வைக்கிற பசை, ஒரு சொட்டு விடுங்க. எல்லா போல்ட்டும் இறுக்கினதும் பெயிண்ட் மார்க்கரால போல்ட் தலையிலேர்ந்து பக்கத்துத் தகடு வரைக்கும் ஒரே கோடா இழுத்து விடுங்க, போல்ட் ஒரு பொட்டு திரும்பினாக்கூட அந்தக் கோடு ஒடஞ்சு காட்டும், ஸ்பானர் போட்டு ஒவ்வொண்ணா பாக்க வேண்டிய வேலையே இல்ல. மண் ரோடு ஏறினதும் மொத 50 கிலோமீட்டர்ல ஒரு தடவ, அப்புறம் ஒவ்வொரு தடவ டீசல் போடும்போதும் ஏறி அந்தக் கோடுங்கள பாருங்க, ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

டயர்ல காத்து இறக்க மறக்காதீங்க. அன்னைக்கு நான் 38 பிஎஸ்ஐல 80ல போய்கிட்டிருந்தேன், டயர் கல்லு மாதிரி இருந்து அடி முழுக்க மேல போயிருக்கு. இப்ப கார்ருகேஷன்ல 28க்கு இறக்கிட்டு 60, 70ல போறேன், அதே வண்டி, அதே மாதிரி ரோடு, கப்புல இருக்குற டீ தளும்புறதுலயே வித்தியாசம் தெரியுது.

பழசு வாங்குறவங்க ரேக்க தலைகீழா கவுத்துப் பாருங்க, கால் சேர்ற இடத்துல போல்ட் ஓட்டை வட்டமா இருக்கான்னு விரல விட்டு பாருங்க, பெயிண்ட் தேஞ்ச பளபளப்பு வளையம் கண்ணுல பட்டா எவ்ளோ சல்லிசா குடுத்தாலும் வேணாம். வாங்கின ரேக் எதுவா இருந்தாலும் அதே சைஸ்ல ஆறு போல்ட், நட்டு, வாஷர், ரெண்டு ராட்செட் ஸ்ட்ராப், அந்த போல்ட்டுக்குப் பொருந்துற ஆலன் கீ எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு டிரைவர் சீட்டுக்கு அடியில வைங்க. டூல் பாக்ஸ்ல போட்டா அது சாமானுக்கெல்லாம் அடியில மாட்டிக்கும், நடு ரோட்டுல வெயில்ல நின்னு அத்தனையும் இறக்க வேண்டி வரும்.