ஒட்டகப் பண்ணை வேலைக்குப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு விமானம் ஏறுங்கள்

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி சவுதிக்கோ கத்தாருக்கோ ஒட்டகம் மேய்க்கப் போகிற தம்பிகளே, சம்பளம், விசா எல்லாம் விசாரிக்கிறீர்கள், சரி, ஒட்டகத்திடமிருந்து மனிதருக்குத் தொற்றும் மெர்ஸ் கொரோனா என்ற மூச்சு நோய் பற்றியும் தெரிந்துகொண்டு போங்கள். 2012-ல் சவுதியில் முதலில் கண்டறியப்பட்ட இந்த நோய், உறுதியான நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயிரைப் பறித்திருக்கிறது.

முதலில் குட்டிகளிடம் கவனமாக இருங்கள். வளர்ந்த ஒட்டகங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தொற்று வந்து போனவை. தாயிடமிருந்து சீம்பால் வழியே கிடைத்த பாதுகாப்பு சில மாதங்களில் குறைந்ததும் குட்டிகளுக்குத் தொற்றிவிடுகிறது, இரண்டு வயதுக்குள் இருப்பவைதான் மூக்குச்சளியில் வைரஸை அதிகம் வெளியேற்றுகின்றன. கொஞ்சம் மூக்கு ஒழுகும், பல நேரம் அதுகூட இருக்காது, அதனால் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

அப்புறம் கூட்டம். பெரிய மந்தை, சந்தை, பல ஊர் ஒட்டகங்களை ஒரே லாரியில் ஏற்றுவது, இவையெல்லாம் தொற்றைப் பரப்பும். புதிதாக வந்ததைச் சில வாரம் தனியே கட்டலாமா என்று முதலாளியிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

மூக்கு, வாய்ப் பக்கம் வேலை என்றால் முகக்கவசம், கையுறை. முடிந்ததும் சோப்பு. பாலைக் காய்ச்சாமல் குடிக்கவே கூடாது, யார் உபசரித்தாலும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் ஒட்டகத்தை நெருங்காத வேலையாகப் பாருங்கள்.

சென்னை திரும்பி 14 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால், மருத்துவரிடம் முதல் வார்த்தையாக ஒட்டகத்தோடு இருந்ததைச் சொல்லுங்கள்.